ஐந்து மணி ஜீப்பும் கடைசிக் காட்சியும்

"ஏலக்காய்த் தோட்டத்து ஆட்கள் நாடகம் போடுறாங்க, வந்து பாரு" என்று ஜெயா கூப்பிட்டபோது, முதலில் மழையைத்தான் விசாரித்தேன். கேரள எல்லையைத் தாண்டி வண்டன்மேட்டுப் பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருக்கும் தோழி அவள். நாடகத்தை எழுதியவளும் அவள்தான். மழை விட்டுவிட்டது என்றாள். நவம்பர் கடைசி வெள்ளிக்கிழமை கிளம்பினேன்.

மதுரை ஆரப்பாளையத்தில் காலை 6.10க்குப் பேருந்து. கம்பத்துக்கு 110 ரூபாய், 9.50க்கு இறக்கிவிட்டார்கள். தொழிலாளர்களை ஏற்றிச்செல்லும் ஜீப்புகள் விடிந்ததுமே மலையேறிவிடும். கம்பம்மெட்டு வழியாகப் போகும் வேறொரு ஜீப்பில் பின்பக்கம் இடம் கிடைத்தது. சுமார் முப்பது கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம், 100 ரூபாய். வளைவுகளில் தலை சுற்றுபவர்கள் கம்பத்தில் எதுவும் சாப்பிட வேண்டாம். நான் இரண்டு பரோட்டா சாப்பிட்டிருந்தேன். அதைப் பற்றி மேலும் எழுதப்போவதில்லை.

அன்று மாலை தோட்டத்தில் காய் எடை போடும் கொட்டகை முன்னால் ஒத்திகை. கட்சிச் சண்டையால் பிரிந்துபோன அண்ணன் தங்கை குடும்பங்களின் கதை. எந்த நிறத்தில் கொடி பிடித்தாலும் வம்பு என்பதால் இரண்டு கட்சிக்குமே சாக்குத்துணிதான் கொடி. பிணமாகக் கிடந்தவர் ஏலக்காய்த் தூசியில் தும்மினார்.

"யோவ், செத்தவன் ஒருக்கா தும்முனாப் பொறுத்துக்கலாம். ரெண்டு வாட்டி தும்முனா ஊரு நம்புமா?" என்று அதட்டினார் செல்வமேரி. தங்கை வேடம் அவருக்கு. நாற்பத்தைந்து வயது இருக்கும். அதே தோட்டத்தில் காய் எடுக்கிறார்.

ஜெயா எழுதியிருந்த முடிவில், தங்கை அண்ணன் வீட்டுக் கதவைத் தட்டுவாள், கதவு திறக்கும். செல்வமேரி கதவு வரை வந்தார், நின்றார், தட்டாமல் திரும்பினார்.

"தட்டுங்க அக்கா" என்றாள் ஜெயா.

"தட்டுனா அவரு தொறக்க மாட்டாரு டீச்சர். தொறக்காத கதவு முன்னால எம்புட்டு நேரம் நிக்கிறது?"

ஜெயா விட்டுக்கொடுத்துவிட்டாள். காரணத்தை டீ குடிக்கும்போது செல்வமேரியே சொன்னார், எழுதிக்கொள்ளவும் சொன்னார், தன் போன் நம்பரையும் கொடுத்தார். பெயர்களை மட்டும் நான் மாற்றியிருக்கிறேன். மூன்று வருடத்துக்கு முன் கொடிக்கம்பம் நடுவதில் இரண்டு கட்சிகளுக்குள் அடிதடி. அவருடைய அண்ணன் அருளப்பனின் மகனுக்கு வலது கையில் வெட்டு விழுந்தது. விரல்கள் இன்னும் மடங்கவில்லை. வெட்டிய கூட்டத்தில் செல்வமேரியின் மகனும் நின்றிருந்தான்.

"வெட்டலைங்கிறான். நின்னது நெசம்தானே? அந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு அண்ணன் வீட்டு வாசல்ல எப்படிப் போயி நிப்பேன்?"

அருளப்பன் தினமும் கம்பத்திலிருந்து ஜீப்பில் அதே தோட்டத்துக்குத்தான் வேலைக்கு வருகிறார். அன்றைக்குப் பிறகு இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. "நாளைக்கு ஒக்காந்து பாத்தாருன்னா போதும்" என்றார் செல்வமேரி.

சனிக்கிழமை நாடகம் மூன்றரைக்கு என்று ஏற்பாடு. கம்பம் திரும்பும் ஜீப்புகளின் ஓட்டுநர்கள் ஐந்து மணிவரை காத்திருக்கச் சம்மதித்திருந்தார்கள். ஆனால் அன்று காய் அதிகம். எடை போட்டு முடிக்காமல் யாரும் நகர மாட்டார்கள். நடிகர்களும் வரிசையில்தான் நின்றார்கள். நாடகம் தொடங்கியபோது 4.10. கடைசி வரிசையில் தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு அருளப்பன் உட்கார்ந்திருந்தார். ஜெயாதான் காட்டினாள். கொடிக்கம்பக் காட்சியில் எல்லாரும் சத்தம் போட, அவர் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஐந்து மணிக்கு ஹாரன் அடிக்க ஆரம்பித்தார்கள். கடைசிக் காட்சிக்கு இன்னும் கால் மணி நேரம் இருந்தது. கம்பத்துக்காரர்கள் பாதிப் பேர் எழுந்தார்கள். அருளப்பனும் எழுந்தார். ஞாயிறு காலை மதுரையில் எனக்கு வேலை இருந்ததால் நானும் அதே ஜீப்பில் ஏறினேன். மேடையில் செல்வமேரி வசனத்தை விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார், கண் மட்டும் ஜீப்பின் மேல் இருந்தது.

போக நினைப்பவர்களுக்கு ஒன்று: மாதத்துக்கு ஒரு முறையாவது போடுவதாக இருக்கிறார்கள், நுழைவுக்கட்டணம் இல்லை. சனிக்கிழமை ஆட்டத்துக்குப் போனால் ஜீப்பை நம்பாதீர்கள், வண்டன்மேட்டில் தங்கிவிடுங்கள். அறை 700 ரூபாயிலிருந்து கிடைக்கிறது. ஸ்வெட்டர் அவசியம்.

ஜீப்பில் பதினான்கு பேர். அருளப்பன் எனக்கு எதிரே இருந்தார். கம்பம்மெட்டு நெருங்கியபோது என்னிடம், "நீங்க நேத்து ஒத்திகை பாத்தீகளாமே. கடைசில என்னாகும்?" என்றார்.

சொல்லலாமா என்று தயங்கினேன். அது என் கதை இல்லை. ஆனாலும் சொன்னேன். "அண்ணன் வீட்டுக் கதவு வரைக்கும் வருவாங்க. தட்டாம திரும்பிப் போயிடுவாங்க."

"ஏன்?"

"தட்டினாலும் தொறக்க மாட்டாருன்னு."

தூக்குவாளியின் மூடியைத் திறந்து, மறுபடி அழுத்தி மூடினார். சோதனைச்சாவடியில் ஜீப் நின்றது.

"அவ நம்பர் இருக்குதா ஒங்ககிட்ட? நான் அழிச்சுட்டேன்."

ஒவ்வோர் எண்ணாகச் சொன்னேன். இறங்கி, போனைக் காதில் வைத்து, சாலையோரமாக எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார். நான் கேட்காமலிருக்க முயன்றேன். ஆனால் என்ஜினை ஓட்டுநர் அணைத்துவிட்டார்.

"ஏத்தா மேரி, அண்ணன்தான். மூணு வருசமா நீ தட்டவே இல்ல, தொறக்க மாட்டான்னு ஊரக்கூட்டி நாடகம் போடுறியாக்கும்?"

அதற்குப் பிறகு அந்தப் பக்கத்திலிருந்து வந்த பேச்சைக் கேட்டுக்கொண்டு வெகுநேரம் நின்றார். இந்த முறை ஓட்டுநர் ஹாரன் அடிக்கவில்லை.