சத்திரத்துக் கல் பெயர்க்கப்படாது

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. குடும்பத்தில் நன்றாகப் படித்தவர்கள் பலர் இருந்தும் இந்தக் கட்டுரை என் தலையில் விழுந்தது. பள்ளியில் என் கட்டுரைகளைத் திருத்திய ஆசிரியர்கள் கைக்கு இந்த நினைவு மலர் போகாது என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது உடுமலைப்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்து வீட்டில். கல்யாணமாகித் திருப்பூர் வந்ததும் பனியன் கம்பெனியில் செக்கிங் மேசையில் நின்றார். துணியில் ஓட்டையோ கறையோ கண்டால் சாக்பீஸால் வட்டமிட்டு ஒதுக்கும் வேலை. பிறகு அவரும் மச்சானும் நல்லூரில் சொந்தமாகத் தையல் யூனிட் போட்டார்கள். ஆர்டர் இல்லாமல் மெஷின்கள் தூங்கிய காலத்திலும் அக்கா ஒருவரையும் வேலையை விட்டு அனுப்பவில்லை. என்னையும் அனுப்பவில்லை, யூனிட்டுக்கு நேர்ந்த பெரிய நஷ்டம் அதுதான்.

அக்கா வீடு கட்டிய சமயம், ரோட்டை அகலப்படுத்த எங்கள் ஊர்ப் பழைய சத்திரத்தை இடித்தார்கள். வழிப்போக்கர்கள் படுத்துறங்கிய கருங்கல் பலகைகள் ஜல்லியாகப் போகவிருந்தன. அக்கா இடிப்பவர்களிடம் பேசி வாங்கி, கூடத்துக்குத் தரையாகப் போட லாரியில் ஏற்றி வந்துவிட்டார்.

ஒவ்வொரு கல்லையும் வெயிலில் கிடத்தித் தண்ணீர் ஊற்றினார். மற்ற இடமெல்லாம் காய்ந்த பிறகும் ஈரம் கோடாக நின்றால் உள்ளே விரிசல் என்று அர்த்தம். அதைச் சாக்பீஸால் வட்டமிட்டு ஒதுக்கினார். நானும் உதவினேன். ஒரு கல்லை என் கால்விரல் மேல் போட்டு, உடைவது கல் அல்ல என்று நிரூபித்தேன்.

சொந்தங்கள் திரண்டு வந்தார்கள். சித்தப்பாதான் பேசினார்.

"கண்ணு, எவனெவனோ படுத்த கல்லு. எத்தன பேரு அதுமேலயே உசுர உட்டாங்களோ. ஊட்டுக்கு ஆகாது."

"ஏனுங் சித்தப்பா, போறவன் வாறவனுக்கெல்லாம் எடங்குடுத்த கல்லுங்க. அதுக்கு நம்ம ஊடு ஆகுமான்னு கேளுங்க."

"நாளைக்கு ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா?"

"என்னையத் திட்டுங்க. கல்லத் திட்டாதீங்க."

சர்க்கரை நோய் பல ஆண்டுகள் அக்காவை அரித்து, சிறுநீரகத்தில் வந்து முடித்தது. காரியத்தன்று சித்தப்பா மச்சானைப் பிடித்துக்கொண்டார்.

"மாப்ள, எல்லாம் அந்தக் கல்லு பண்ணுன வேலைங்க. வருசத் திதிக்குள்ள பேத்துப்போட்டு டைல்ஸ் ஒட்டீருங்க."

கூட்டம் தலையாட்டியது. மச்சான் எழுந்தார். மெஷின் சத்தத்துக்கு மேல் ஒருநாளும் குரல் உயர்த்தாதவர்.

"கடைசீல அவளுக்கு ரண்டு காலும் எரிஞ்சுதுங்க மாமா. எந்த மருந்துக்கும் அடங்கல. கட்டிலக் கூடத்துல போட்டு, காலக் கீழ தொங்கவுட்டு இந்தக் கல்லு மேல பாதத்த வெச்சாத்தான் கண்ணசந்தா. நீங்கெல்லாம் வந்து பழங்குடுத்துட்டுப் போயிட்டீங்க. கல்லு எங்கீயும் போகலீங்க. இதையா பேக்கச் சொல்றீங்க?"

அன்று கூட்டம் செருப்பைத் தேடிக் கிளம்பியது. ஆனால் போன் மட்டும் நின்றபாடில்லை. ஒருவர் வாஸ்துக்காரர் நம்பர் தருகிறார்; இன்னொருவர் டைல்ஸ் டிசைனே அனுப்புகிறார். ஆகவே அச்சிலேயே சொல்லிவிடுகிறேன். அக்காவைக் கொண்டுபோனது சர்க்கரை. அதற்கு யாரையாவது பெயர்த்தே ஆகவேண்டுமென்றால், பார்க்க வரும்போதெல்லாம் மைசூர்பாகு வாங்கி வந்தவர்களிலிருந்து தொடங்கலாம். வரிசையில் முதல் ஆளாக நான் நிற்கிறேன். கல் மேல் யாரும் கை வைக்க முடியாது.

டயாலிசிஸ் நாட்களில் அக்காவைத் தாயாகத் தாங்கிய செவிலியருக்கும், கேட்காமலே வந்து கட்டிலைத் தூக்கிப் போட்ட எங்கள் யூனிட்டின் பீகார் தம்பிகளுக்கும், ரத்தம் கொடுத்த டெய்லர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. பழம் வாங்கி வந்தவர்களுக்கும் நன்றி. நிஜமாகத்தான் சொல்கிறேன்.

திதிச் சாப்பாடு கூடத்தில், அந்தக் கல்லின் மேல் இலை விரித்துத்தான். முட்டிவலி உள்ளவர்களுக்கு நாற்காலி உண்டு. பயம் உள்ளவர்களுக்குக் கிடையாது. சித்தப்பாவுக்கு என் பக்கத்து இலை. எல்லோரும் செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே வாருங்கள். எவ்வளவு குளிர்ச்சி என்று உங்கள் பாதமே சொல்லட்டும்.