எந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுப்பது: மகளின் முதுகுக்காகக் கொல்கத்தாவுக்கு

போன டிசம்பரில், அரையாண்டு விடுமுறையில், நானும் என் மகள் நிவேதாவும் விழுப்புரத்திலிருந்து கொல்கத்தாவுக்குப் போய் வந்தோம். ஊர் சுற்றிப் பார்க்க அல்ல. பளிங்கு மண்டபம், பெரிய பாலம், டிராம் வண்டி என்று படங்களைத் தேடி வந்தவர்கள் இப்போதே திரும்பிவிடலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன். பிள்ளைக்கு முதுகெலும்பு வளைந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு, ராத்தூக்கம் போய், பிசியோதெரபிக்காக வெளியூர் போகலாமா என்று யோசிக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

நான் வங்கி வேலைக்காரி. மாற்றலில் ஆறு வருடம் கொல்கத்தாவில், ஜாதவ்பூரில் குடியிருந்தோம். நிவேதாவுக்குப் பன்னிரண்டு வயதானபோது, சீருடைப் பாவாடையின் ஒரு பக்கம் மட்டும் இறங்கி நிற்பதைப் பார்த்துத் தையல்காரரைத் திட்டினேன். பாவம், அவர் சரியாகத்தான் தைத்திருந்தார். எக்ஸ்ரேயில் முதுகெலும்பு வலப்பக்கமாக இருபத்தோரு டிகிரி வளைந்திருந்தது. இப்போதைக்குப் பயிற்சி போதும், இருபத்தைந்தைத் தாண்டினால் பிரேஸ் போட வேண்டும் என்றார் மருத்துவர். அக்குளிலிருந்து இடுப்பு வரை இறுக்கிக் கட்டும் பிளாஸ்டிக் கூடு அது. பள்ளிக்கும் அதோடுதான் போக வேண்டும். "அது போட்டா நான் ஸ்கூலுக்கே போக மாட்டேன்" என்று அன்றைக்கே சொல்லிவிட்டாள். அதிலிருந்து இருபத்தைந்து என்ற எண்ணை எங்கே பார்த்தாலும் கண்ணைத் திருப்பிக்கொள்வேன்.

போன மே மாதம் விழுப்புரத்துக்கு மாற்றல் வந்தது. சென்னையில் இல்லாத வைத்தியமா என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் கேட்டார்கள். இருக்கிறது. ஆனால் இவள் சட்டையைத் தூக்கி முதுகைக் காட்டச் சம்மதிப்பது ஒரே ஒருவரிடம்தான்: கொல்கத்தாவில் டாலிகஞ்சில் இருக்கும் பிசியோதெரபிஸ்ட் மௌஷுமி. இவளுக்கு அவர் தீதி, அதாவது அக்கா. பதின்மூன்று வயதுப் பெண் யாரை நம்புகிறாளோ அங்கே போவதுதான் வைத்தியம் என்று நான் முடிவு செய்தேன். அதற்காகச் சென்னையிலிருந்தே 1,660 கிலோமீட்டரா என்றால், ஆமாம்.

இந்தப் பயிற்சி யோகா வகுப்பு மாதிரி எல்லோருக்கும் பொதுவானதல்ல. யாருக்கு எந்தப் பக்கம் வளைந்திருக்கிறதோ அதற்கேற்பச் செய்ய வேண்டும். நிவேதா ஒருக்களித்துப் படுத்து, இடுப்புக்குக் கீழே ஒரு கிலோ அரிசி நிரப்பிய துணிப்பையை வைத்து, கையை நீட்டி, குழிந்த பக்கத்து விலா விரியும்படி மூச்சை இழுத்து விட வேண்டும். தீதி கொடுத்த பையில் வங்காளத்துப் பாயச அரிசி இருந்தது. விழுப்புரத்தில் வண்டு வந்ததும் இட்லி அரிசியை நிரப்பினேன். அரிசி எதுவானாலும் பரவாயில்லை, பக்கம்தான் முக்கியம்.

மாற்றலுக்கு முன் கடைசி வகுப்பை என் போனில் வீடியோ எடுத்திருந்தேன். படுத்தபடியே அவள் தன்னைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று செல்ஃபி கேமராவில் எடுத்தேன். விழுப்புரத்தில் அந்த வீடியோதான் எங்களுக்கு வேதம். தினமும் காலை ஏழரைக்கு அதைப் போட்டுவிட்டு, பையை நானே வைத்து, நான்கு செட்டில் முதல் செட்டுக்கு மூச்சை எண்ணிவிட்டு, எட்டு பத்து பஸ்ஸுக்கு ஓடுவேன். மாதம் ஒரு முறை வீடியோ அழைப்பில் வரச் சொல்லியிருந்தார் தீதி. புதுக் கிளை, புது மேனேஜர், வேலை என்று நான் இரண்டே முறைதான் அழைத்தேன். அந்த இரண்டு முறையும் நின்று செய்யும் பயிற்சிகளோடு நேரம் முடிந்துபோயிற்று.

பயணத்துக்கு வருகிறேன். முதல் நாள் மாலையே சென்னைக்கு வந்து, சென்ட்ரல் பக்கத்தில் ஒரு விடுதியில் தங்கினோம். மறுநாள் காலை ஏழு மணி ரயில். மூன்றடுக்கு ஏசியில் ஒருவருக்கு ஏறத்தாழ 1,800 ரூபாய். அடுத்த நாள் பதினொரு மணிவாக்கில் கொல்கத்தாவை ஒட்டிய ஷாலிமார் நிலையத்துக்குப் போய்ச் சேரும். பிள்ளைக்கு நடுப் படுக்கை வேண்டாம். பகலில் மடக்கிவிடுவார்கள், நினைத்தபோது முதுகைச் சாய்க்க முடியாது. நாங்கள் அவளுக்கு மேல் படுக்கை எடுத்திருந்தோம்.

எங்கள் எதிரே, வேலூரில் கணவருக்கு வைத்தியம் முடித்துக்கொண்டு ஊர் திரும்பும் வங்காள அம்மா ஒருவர். அந்த வழி ரயிலில் பாதிப் பேர் அப்படித்தான். அவர்கள் வைத்தியத்துக்கு எங்கள் பக்கம் வருகிறார்கள், நான் அவர்கள் பக்கம் போகிறேன் என்றதும் அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மாலை நாலு மணிக்குக் கோதாவரிப் பாலம் வந்தது. நிவேதா மேலே தூங்கிக்கொண்டிருந்தாள். என்ன பயிற்சி என்று அந்த அம்மா கேட்டதால் வீடியோவைக் காட்டினேன்.

கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். "எழுத்தெல்லாம் உல்ட்டோவா இருக்கேம்மா. கண்ணாடியில பாக்குற மாதிரி" என்றார் வங்காள மொழியில்.

வீடியோவில் நிவேதாவுக்குப் பின்னால் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. மூச்சை மெதுவாக இழு என்றோ என்னவோ வங்காளத்தில் எழுதியிருக்கும். ஆறு வருடத்தில் கத்தரிக்காய் பேரம் பேசும் அளவுக்கு அந்த மொழி எனக்கு வந்துவிட்டது, ஆனால் ஓர் எழுத்துகூடப் படிக்கத் தெரியாது. வங்கியில் இங்கிலீஷும் இந்தியும் போதுமானதாக இருந்தன. அந்த எழுத்து நேராக இருந்தாலும் பக்கம் மாறி இருந்தாலும் எனக்கு ஒன்றுதான். தமிழிலோ இங்கிலீஷிலோ இருந்திருந்தால் முதல் நாளே கண்டுபிடித்திருப்பேன்.

போனை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். நிவேதா கடிகாரம் கட்டுவது இடது கையில். வீடியோவில் அது வலது கையில் இருந்தது. செல்ஃபி கேமரா படத்தைப் பக்கம் மாற்றிச் சேமித்திருக்கிறது. இடப்பக்கம் படுக்க வேண்டிய பெண்ணை ஏழு மாதமாக நான் வலப்பக்கம் படுக்க வைத்திருக்கிறேன்.

அப்போதுதான் இன்னொன்று ஞாபகம் வந்தது. ஜூன் மாதம், ஆரம்பித்த முதல் வாரமே, "மா, இது இந்தப் பக்கம் இல்ல" என்று சொன்னாள். நான் வீடியோவை அவள் முகத்துக்கு நேரே நீட்டி, "உனக்குத் தெரியுமா, தீதிக்குத் தெரியுமா?" என்று கேட்டேன். அவள் நான் காட்டிய பக்கமே திரும்பிப் படுத்துக்கொண்டாள். எனக்கு அது ஜெயித்த மாதிரி இருந்தது.

மீதி வழி எப்படிப் போனதென்று கேட்காதீர்கள். இரவுச் சாப்பாட்டுக்கு வாங்கிய பிரியாணி பொட்டலம் பிரிக்காமலே கிடந்தது. காலையில் அவள் ஏணியில் இறங்கும்போது வலது தோள்பட்டை முன்பைவிட மேலே தூக்கியிருப்பதாகத் தோன்றியது. பெட்டியில் இருந்த எல்லோருடைய தோள்களையும் பார்த்தேன். எல்லாமே கோணலாகத்தான் தெரிந்தன. "ஏன் மா இப்படிப் பாக்குற?" என்றாள். ஒன்றுமில்லை என்றேன். சொல்லத் தைரியம் இல்லை.

ரயில் நாற்பது நிமிடம் தாமதம். ஷாலிமாரிலிருந்து டாலிகஞ்சுக்கு டாக்ஸியில் முக்கால் மணி நேரம், 420 ரூபாய். அலிப்பூர் நீதிமன்றப் பக்கம் எப்போதும் நெரிசல்தான், அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். மெட்ரோ நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடையில் ஒரு விருந்தினர் விடுதி, நாளைக்கு 1,500 ரூபாய். எக்ஸ்ரே எடுக்கும் இடம் ஜாதவ்பூரில். நான்கு மணிக்கு ஷேர் ஆட்டோவில் கிளம்பினோம்.

கொல்கத்தா ஷேர் ஆட்டோவில் பின்னால் மூன்று பேர், டிரைவருக்குப் பக்கத்தில் ஒருவர். முன்னால் உட்காருகிறவர் பாதி உடம்பை வெளியே வைத்து, இடுப்பை முறுக்கிக்கொண்டு போக வேண்டும். பின்னால் ஓர் இடம்தான் இருந்தது.

"பொண்ணு சின்னவ, முன்னாடி உக்காரட்டும்" என்றார் டிரைவர் இந்தியில்.

"அவளுக்கு முதுகு சரியில்லண்ணா. நான் உக்காந்துக்குறேன்."

"உங்க முதுகு மட்டும் இரும்பா தீதி?" என்று கேட்டுவிட்டு, கொஞ்சம் நகர்ந்து எனக்கு இடம் கொடுத்தார். வளைவு உள்ள பிள்ளையை அந்த முன் இருக்கையில் உட்கார வைக்காதீர்கள். சில்லறையும் வைத்திருங்கள். ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டினால் முதுகுக்குக் காட்டிய இரக்கம் போய்விடும்.

முழு முதுகையும் நிற்க வைத்து எடுக்கும் எக்ஸ்ரே அது. படுக்க வைத்து எடுத்தால் வளைவு குறைவாகத் தெரியும் என்பதால், நின்றுதான் எடுக்க வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். கதவுக்கு வெளியே நின்றபோது, வீட்டை விற்றாவது நல்ல பிரேஸ் வாங்கலாம் என்கிற அளவுக்கு என் மனசு ஓடிவிட்டது. அவளோ வெளியே வந்ததும், வெல்லம் போட்ட சந்தேஷ் இனிப்பு வேண்டும் என்றாள். டிசம்பரில்தான் அந்தப் புது வெல்லம் கிடைக்கும். நான்கு வாங்கினோம், நான்கையும் அவளே தின்றாள்.

மறுநாள் பத்து மணிக்கு ரிப்போர்ட்டை உறையோடு வாங்கி, பிரிக்காமல், பதினொன்றரைக்கு தீதியிடம் போனோம். கட்டணம் ஒரு மணி நேரத்துக்கு 900 ரூபாய். உள்ளே நுழைந்ததும் சுவரில் அந்த வங்காளத் தாள் நேராக என்னைப் பார்த்தது. "நிபேதா, எவ்ளோ உயரமாயிட்ட!" என்று கட்டிக்கொண்டார் தீதி. அங்கே யாருக்கும் 'வ' வராது, அவர்களுக்கு இவள் நிபேதாதான்.

உறையை அவர் எடுப்பதற்குள் நான் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். வீடியோ, செல்ஃபி கேமரா, ரயிலில் பார்த்த அம்மா, ஏழு மாதம். பாதி இந்தியில், பாதி வங்காளத்தில், கடைசியில் தமிழில். நிவேதா என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

தீதி திட்டவில்லை. உறையை மேசையில் வைத்துவிட்டு அரிசிப் பையை நிவேதாவிடம் நீட்டினார். "தினம் செய்யற மாதிரி செஞ்சு காட்டு" என்றார், பக்கம் எதுவென்று சொல்லாமல்.

நிவேதா விரிப்பில் உட்கார்ந்தாள். யோசிக்கவே இல்லை. இடப்பக்கம் ஒருக்களித்தாள். பையைத் தானே இடுப்புக்குக் கீழே நகர்த்தி, கையை நீட்டி, மூச்சை இழுத்தாள். குழிந்த விலா மெல்ல விரிந்தது. தீதி குனிந்து விரலை வைத்துப் பார்த்தார்.

"ஏழு மாசம் தப்பா படுத்த உடம்பு இப்படிப் படுக்காது" என்றார்.

நான் நிவேதாவைப் பார்த்தேன். படுத்தபடியே, சுவரைப் பார்த்துச் சொன்னாள். "நீ இருக்கும்போது உன் பக்கம் மா. முதல் செட் மட்டும். நீ எட்டு பத்து பஸ்ஸுக்குப் போனதும் மீதி மூணு செட்டும் தீதி பக்கம்."

"ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"சொன்னேனே. நீ வீடியோ காட்டின."

தீதி உறையைப் பிரித்தார். எக்ஸ்ரே மையத்து மருத்துவர் அளந்து எழுதியிருந்தது இருபத்து மூன்று. இரண்டு கூடியிருக்கிறதே என்று பதறினேன். அளவெடுப்பதிலேயே மூன்று நான்கு டிகிரி முன்னே பின்னே வரும், வளரும் வயதில் இது நின்ற இடத்தில் நிற்பதாகத்தான் அர்த்தம் என்றார் தீதி. பிரேஸ் இப்போதைக்கு வேண்டாம். ஆறு மாதம் கழித்து மறுபடியும் எக்ஸ்ரே. அந்த முதல் செட்டும் சரியான பக்கம் போயிருந்தால் எண் குறைந்திருக்குமா என்று கேட்டேன். "அது யாருக்கும் தெரியாது" என்றார். அந்தப் பதில் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை, ஜூன் வரை போகாது என்றும் தெரியும்.

மேலும் இரண்டு நாள் இருந்து, தினம் ஒரு வகுப்பு முடித்துக்கொண்டு திரும்பினோம். கிளம்புகிறவர்களுக்கு நான் சொல்லக் கூடியது கொஞ்சம்தான். பழைய எக்ஸ்ரே படங்களைக் கையோடு எடுத்துப் போங்கள், ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது. வகுப்பை வீடியோ எடுத்தால் பின்பக்கக் கேமராவில் எடுங்கள், எடுக்கும்போதே இடது வலது என்று வாயால் சொல்லிப் பதியுங்கள். பிள்ளையின் இடது கையில் ஒரு ரிப்பன் கட்டிவிட்டால் இன்னும் நல்லது. மாதாந்திர அழைப்பைத் தவற விடாதீர்கள். எனக்கு நேரமில்லை என்று நான் சொன்ன நாட்களில் எல்லாம் அரை மணி நேரம் சீரியல் பார்த்திருக்கிறேன்.

இப்போது நான் எட்டு இருபத்தைந்து பஸ்ஸில் போகிறேன். காலை ஏழரைக்கு நிவேதா விரிப்பைப் போடுகிறாள். வீடியோவை அழித்துவிட்டேன். அரிசிப் பையைக் கையில் வைத்துக்கொண்டு, அவள் எந்தப் பக்கம் திரும்புகிறாள் என்று பார்த்து நிற்கிறேன்.