அந்தக் காலம் வேணாம்

சாந்தம்மா அக்காவைப் பத்தி எழுத உக்காந்தாலே மனசு என்னமோ பண்ணுது. பேரிகையிலருந்து பஸ்ல ஓசூருக்கு வந்து, ஒரு கம்பெனியோட கம்ப்யூட்டர் ரூம்ல வேலை பாத்தவங்க. வருஷக்கணக்கா கான்ட்ராக்ட்.

தொண்ணூத்தேழுல ஓசூர் சர்வரும் பெங்களூர் ஹெட் ஆபீஸ் சர்வரும் அச்சு அசலா ஒண்ணாகணும்னு ஆர்டர் வந்துச்சு. ரெண்டோட டேபிளையும் பிரிண்ட் எடுத்து ஒப்பிடுற வேலை அக்காவுக்கு. இங்க தேதியில நாள் முதல்ல, அங்க மாசம் முதல்ல. அதனால ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுற திம்மப்பன் ஏப்ரல் எட்டுல பொறந்தவர், பெங்களூர் பிரிண்ட்ல ஆகஸ்ட் நாலுக்குப் போயிட்டார். வயசு நாலு மாசம் கொறஞ்சிடுச்சு, பொண்ணு பாருக்கான்னு அக்காகிட்ட ஒரே வம்பு. அக்கா அந்த செட்டிங்கை மாத்தி அவரை மறுபடி கிழவனாக்கினாங்க.

அப்பறம்தான் அது கண்ணுல பட்டுச்சு. ஆளுங்க விவரம் இருக்குற டேபிள்ல ஓசூர்ல ஒரு பத்தி அதிகம். பத்தியை கம்ப்யூட்டர்காரங்க இங்கிலீஷ்ல காலம்னுதான் சொல்லுவாங்க. கான்ட்ராக்ட்ல ஒழைச்ச வருஷமெல்லாம் அந்தக் காலத்துலதான் இருந்துச்சு. அதை வெச்சுதான் பர்மனென்ட் பண்ணுவாங்க. பெங்களூர்ல கான்ட்ராக்ட் ஆளே கெடையாது, அந்தக் காலமும் கெடையாது. அடுத்த பர்மனென்ட் ஆர்டர்ல தன் பேர் வந்துரும்னு அக்கா வீட்டுல சொல்லி வெச்சிருந்தாங்க.

மேனேஜர் சௌந்தரராஜன் திருநெல்வேலிக்காரர். பெங்களூர்லயும் அதைச் சேக்கச் சொல்லி போன் போட்டார். அந்தப் பக்கம் கன்னடம். இவருக்குப் புரியல, அக்கா கைல குடுத்துட்டார். அக்கா கன்னடத்துலயே கெஞ்சிப் பாத்தாங்க.

"என்னம்மா சொல்லுதாரு?"

"அந்தக் காலம் வேணாமாம் சார். எடுத்துடச் சொல்றாங்க."

அவர் போனை வாங்கி வெச்சார். "அப்ப எடுத்துரும்மா."

அந்த சர்வர்ல ஒரு காலத்தை மட்டும் தனியா எடுக்க முடியாது. அது இல்லாம புது டேபிள் கட்டி, மத்ததையெல்லாம் அதுல கொட்டி, பழசை அழிக்கணும். அக்காவே எல்லாம் டைப் அடிச்சாங்க. அழிக்கட்டுமான்னு ஒரு வார்த்தை கூட கேக்காம அது அழிச்சிடுச்சு. மறுபடி ரெண்டு பிரிண்டையும் வெச்சுப் பாத்தாங்க. வித்தியாசமே இல்ல.

பர்மனென்ட் ஆர்டர்ல அவங்க பேர் வரல. போய்க் கேட்டா, சிஸ்டத்துல உங்க சர்வீஸே இல்லையே, பேப்பர் இருந்தா கொண்டாங்கன்னாங்க. பேப்பரெல்லாம் கம்ப்யூட்டர் வந்தப்பவே எடைக்குப் போட்டாச்சு.

கம்பெனி கேட்டுல திம்மப்பன் நின்னுட்டிருந்தார். "என்னைக் கிழவனாக்கினியேக்கா, உன்னை என்னா பண்ணிக்கின?"

"நேத்து சேந்தவளாக்கிக்கினேன் போ"ன்னுட்டு பேரிகை பஸ் ஏறிட்டாங்க.