மெட்டு ஏறிய கோழி

என் மனைவி திருப்பூருக்குப் போயிருந்த மார்கழியில் எங்கள் வீட்டுக் கோழி ஒன்று நிற்க முடியாமல் விழுந்தது. மகளுக்கு இரண்டாவது பிரசவம். மூத்த பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமென்று மருமகன் வந்து அழைத்துப் போயிருந்தார். கிளம்பும்போது கேஸை மூடுவது பற்றி, பால் வாங்கி வைப்பது பற்றி, துவைத்த துணி எந்த அலமாரியில் இருக்கிறது என்பது பற்றியெல்லாம் சொன்னாள். கோழிகளைப் பற்றிச் சொன்னது கொஞ்சம்தான்.

"காலையில தொறந்து விடுங்க, பொழுது சாஞ்சா அடைச்சிருங்க. அதுகளே மேஞ்சுக்கிரும்."

நான் ஜீப் ஓட்டுகிறவன். போடியிலிருந்தும் சிலமலையிலிருந்தும் பெண்களை ஏற்றிக்கொண்டு, போடிமெட்டு மலைப்பாதையில் ஏறி, கேரளப் பக்கம் இருக்கும் ஏலத்தோட்டத்தில் காய் எடுக்க இறக்கிவிடுவேன். பொழுது சாயும் முன் திரும்ப ஏற்றிக்கொண்டு இறங்குவேன். நடுவில் பகல் முழுக்கக் காத்திருப்பதுதான் வேலை. வீட்டிலிருக்கும் ஆறேழு கோழிகளில் எது எது என்றுகூட எனக்குத் தெரியாது. அவற்றைப் பெயர் மாதிரி அடையாளம் சொல்லிக் கூப்பிடுகிறவள் அவள்தான்.

அன்று காலை கூண்டைத் திறந்தபோது மற்றதெல்லாம் முண்டியடித்து வெளியே ஓடின. ஒரு செவலைப் பெட்டை மட்டும் உள்ளே மூலையில் உட்கார்ந்திருந்தது. குளிருக்குச் சுருண்டிருக்கிறது என்று நினைத்தேன். கையை விட்டு இழுத்தபோது இரண்டு காலும் துணியைப் போல இழுபட்டு வந்தன. தரையில் வைத்தேன். இறக்கையை ஊன்றி எழப் பார்த்தது, பக்கவாட்டில் சாய்ந்தது. இன்னொரு தடவை பார்த்தது. அப்புறம் அப்படியே கிடந்தது. எனக்கு நேரமாகிவிட்டது. கொஞ்சம் குருணையையும் தண்ணீரையும் பக்கத்தில் வைத்துவிட்டு வண்டியை எடுத்தேன்.

மாலையில் வந்து பார்த்தால் மற்றக் கோழிகள் அதைக் கொத்தி வைத்திருந்தன. கொண்டையில் ரத்தம் காய்ந்திருந்தது. கழுத்துக்குப் பின்னால் ஒரு பிடி இறகைக் காணோம். கூடவே மேய்ந்த கோழிகள்தான். குருணை முழுவதையும் அவையே தின்றிருந்தன.

மனைவிக்குப் போன் போட்டேன். பின்னால் பேரப்பிள்ளை அழும் சத்தம் கேட்டது.

"எது, செவலையா? ரெண்டு காலுமா?"

"ஆமா. நிக்கவே மாட்டேங்குது."

கொஞ்சம் பேசாமல் இருந்தாள். "நிக்காத கோழிய வச்சு என்ன செய்யப் போறீங்க? நாளைக்கே அறுத்துக் கொழம்பு வச்சிருங்க. அதுவும் கெடந்து சீரழிய வேணாம்."

அவள் அப்படிச் சொல்லுவாள் என்று நான் நினைக்கவில்லை. குஞ்சிலிருந்து கையில் வைத்து வளர்த்தவள். "சரி" என்றேன். எவ்வளவோ கோழி அறுத்திருக்கிறேன். அதில் எனக்குத் தயக்கம் இருந்ததில்லை. ஆனால் கொண்டையில் இருந்த ரத்தத்தைத் துடைக்கலாம் என்று அதை மடியில் தூக்கி வைத்ததுதான் தப்பாகப் போயிற்று. அது நான் நினைத்ததைவிட லேசாக இருந்தது. இறகுக்கு உள்ளே அவ்வளவு சூடு இருக்கும் என்றும் எனக்குத் தெரியாது. என் உள்ளங்கையில் அதன் நெஞ்சு படபடவென்று அடித்தது, கொஞ்ச நேரத்தில் நிதானமானது. ஒரு கண்ணால் என்னைப் பார்த்தது. அந்தப் பார்வையில் கெஞ்சல் எதுவும் இல்லை. ஏதாவது செய் என்று கேட்கவும் இல்லை. அப்படிக் கேட்டிருந்தால் ஒருவேளை அறுத்திருப்பேன்.

மறுநாள் தோட்டத்துக்குப் போகும் வேலையை இன்னொரு ஜீப்காரரிடம் ஒப்படைத்துவிட்டு மாட்டாஸ்பத்திரிக்குப் போனேன். இரண்டு கறவை மாட்டுக்கும் ஒரு ஆட்டுக்கும் பின்னால் கோழியோடு உட்கார்ந்திருந்தது கூச்சமாகத்தான் இருந்தது. டாக்டர் சின்ன வயதுப் பெண். காலை நீட்டி மடக்கி, வயிற்றை அமுக்கிப் பார்த்தார்.

"விடாம முட்ட போட்டுச்சா?"

"தெரியலம்மா. வீட்டுக்காரி ஊருல இல்ல."

"முட்ட போட்டே சுண்ணாம்புச் சத்து கொறஞ்சிருக்கலாம். வேற நோயாவும் இருக்கலாம், அப்படின்னா தேறாது. டானிக் எழுதித் தர்றேன். மத்ததோட சேத்து விடாதீங்க. குளிர் படக்கூடாது. ஒரே பக்கமாப் படுக்க விட்டா நெஞ்சு புண்ணாயிரும், அடிக்கடி திருப்பி வைங்க." பிறகு என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, "பாத்துக்க ஆளு இருக்காங்களா?" என்றார்.

இருக்கிறார்கள் என்றேன். அந்த ஆள் யார் என்று வெளியே வந்த பிறகுதான் யோசித்தேன்.

வீட்டில் விட்டால் கொத்துகின்றன. கதவைப் பூட்டி உள்ளே போட்டால் யார் திருப்பி வைப்பது? அதனால் ஒரு ஆப்பிள் பெட்டியில் சாக்கை விரித்து, வெந்நீர் ஊற்றிய பாட்டிலைத் துணியில் சுற்றி ஓரத்தில் வைத்து, கோழியைப் படுக்க வைத்து, ஜீப்பில் என் பக்கத்தில் ஏற்றிக்கொண்டேன். ஏறிய பெண்கள் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள்.

"என்னண்ணே, மதினி ஊருல இல்லன்னதும் தோட்டத்துல விருந்தா?"

"சொகமில்லாத கோழி தாயி அது."

"சொகமில்லாததுக்கு ஜீப்பு சவாரியா? எங்களுக்குக் காச்சல்னா ஒரு வார்த்த கேட்டிருக்கீங்களா அண்ணே?"

மெட்டு ஏறும்வரை அதுவே பேச்சு. பூண்டு கொடு என்றாள் ஒருத்தி. எண்ணெய் தேய்த்து வெயிலில் வை என்றாள் இன்னொருத்தி. பின்னால் உட்கார்ந்திருந்த வயதான அம்மா ஒருவர் மட்டும், "கொழம்புன்னா எனக்கு ஈரல எடுத்து வைங்கப்பு" என்று தினமும் தவறாமல் சொல்லிக்கொண்டு வந்தார். வளைவுகளில் பெட்டி சாயாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஓட்டினேன். அவ்வளவு மெதுவாக நான் அந்த ரோட்டில் ஓட்டியதே இல்லை.

தோட்டத்தில் ஏலக்காய் உலர்த்தும் கட்டடத்துக்குப் பின்சுவர் எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும். அங்கே பெட்டியை வைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்காருவேன். பழைய துண்டில் இரண்டு ஓட்டை போட்டு, கோழியின் காலை அதில் நுழைத்து, ஒரு வாளியின் வாயில் கட்டித் தொங்கவிட்டேன். பாதம் வாளியின் அடியைத் தொட்டும் தொடாமலும் இருக்கும். டானிக்கை ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்து, அலகின் ஓரமாகச் சொட்டுச் சொட்டாக விடுவேன். எச்சம் ஒட்டிய இடத்தை வெந்நீரில் துடைப்பேன். காலை நீவிவிடுவேன். இத்தனை வருடமாக அந்தப் பகல்களை நான் எப்படிக் கழித்தேன் என்று யோசித்தால் நினைவே வரவில்லை. தூங்கியிருப்பேன். போனில் ஏற்றி வைத்த படம் பார்த்திருப்பேன்.

போனில் மனைவி கேட்பாள், "அறுத்தீங்களா?"

"நாளைக்கு."

"நேத்தும் அதத்தான் சொன்னீங்க."

நான் பேரப்பிள்ளையின் தொட்டிலைப் பற்றிக் கேட்டுப் பேச்சை மாற்றுவேன். அவளும் மாற விடுவாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது மலைக்குக் கீழே சமவெளியில் பறவைக் காய்ச்சல் என்று செய்தி வந்தது. மெட்டில் கேரளச் செக்போஸ்ட்டில் வண்டிகளை நிறுத்திப் பார்க்க ஆரம்பித்தார்கள். அன்று பனி கண்ணை மறைத்துக்கொண்டிருந்தது. தினமும் கை காட்டி அனுப்புகிற காவலர், டார்ச்சை உள்ளே அடித்துப் பார்த்தார்.

"இதெந்தா சேட்டா, கோழியோ?"

"ஆமா சாரே. கால் வெளங்காதது. டாக்டர் சீட்டு இருக்கு."

சீட்டை வாங்கிப் பார்த்தார். கோழியையும் பார்த்தார். தலையை ஆட்டினார். "அங்கோட்டு கொண்டு போகான் பற்றில்லா. என்டெ ஜோலி போகும் சேட்டா."

கோழியை அந்தப் பக்கம் விட்டால் அவர் வேலை போய்விடும், அவரைக் குற்றம் சொல்ல முடியாது. பெட்டிக்குள் இருப்பது என்ன நோய் என்று அவருக்கு எப்படித் தெரியும்? எனக்கே முழுதாகத் தெரியாது. பின்னால் பெண்கள் சத்தம் போட்டார்கள். "வெரசாப் போகணும், கங்காணி திட்டுவாரு." ஈரல் கேட்ட அம்மா மட்டும் வாயைத் திறக்கவில்லை. நான் வண்டியைப் பின்னால் எடுத்து, தமிழ்நாட்டுப் பக்கம் இருந்த டீக்கடை முன் நிறுத்தினேன்.

அந்தக் கடை அக்காவிடம் எத்தனையோ வருடமாக டீ குடிக்கிறேன். டீ, வடை என்பதைத் தாண்டி நாங்கள் பேசியதில்லை. முகத்தில் சிரிப்பைப் பார்க்க முடியாது. பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு விவரத்தைச் சொன்னேன்.

"கடைக்குள்ள கோழி எச்சம் கெடந்தா எவன் தம்பி டீ குடிப்பான்?"

"உள்ள வேணாங்க்கா. பின்னால எங்கயாவது. சாயங்காலம் எடுத்துக்கிர்றேன்."

அடுப்பில் பால் பொங்கியது. அதை இறக்கி வைத்துவிட்டு வந்தார். "கொண்டா" என்றார். "என்ன குடுக்கணும்னு சொல்லு. எனக்குச் சோலி கெடக்கு."

அன்றிலிருந்து போகும்போது கோழியை அவரிடம் இறக்கிவிட்டு, வரும்போது ஏற்றிக்கொள்வது வழக்கமாயிற்று. கடைக்குப் பின்னால் விறகு அடுக்கிய ஒரு தகரச் சாய்ப்பு. அடுப்பின் சூடு தகரத்தின் வழியாக அங்கே வரும். சாயங்காலம் அக்கா ஒரே வரியில் சொல்லுவார். "தண்ணி குடிச்சுச்சு." "இன்னிக்கு ஒண்ணும் திங்கல." "முட்ட ஓட்டப் பொடிச்சுச் சோத்துல வச்சேன், தின்னுச்சு." தோட்டத்தில் உலர் கட்டடத்தின் பின்சுவரில் நான் சும்மா சாய்ந்திருந்தேன். கைக்கு வேலை இல்லாமல் போனது அப்போதுதான் தெரிந்தது.

ஒரு சாயங்காலம் இறங்கி வந்தபோது பெட்டி காலியாக இருந்தது. சாக்கில் கோழி படுத்த பள்ளம் அப்படியே இருந்தது. முடிந்துவிட்டது என்று நினைத்தேன். அக்கா கையைத் துடைத்துக்கொண்டே வந்து, விறகுப் பக்கம் தாடையைக் காட்டினார்.

விறகுக் கட்டைகளில் தோள் சாய்த்து, இரண்டு காலையும் அகலமாக வைத்து, செவலை நின்றுகொண்டிருந்தது. கால்கள் நடுங்கின.

"மத்தியானம் எந்திரிச்சுச்சு தம்பி. நான் தொடல. விழுந்துச்சு. திரும்ப எந்திரிச்சுச்சு. ஒனக்குச் சொல்லலாம்னு போனப் போட்டேன், ஒந்தோட்டத்துலதான் சிக்னலு கெடைக்காதே. கடையில ஆளு நிக்கிதுன்னுகூடப் பாக்காம இங்கயே நின்னுட்டேன்."

சந்தோஷம்தான். ஆனால் என் கையில் அத்தனை நாள் கிடந்த கோழி, நான் இல்லாத நேரம் பார்த்து எழுந்ததில் ஒரு சின்ன வருத்தமும் இருந்தது. அக்காவுக்கு அது தெரிந்ததோ என்னவோ, "ஒனக்கு நின்னு காட்டும், இரு" என்றார். அப்போதுதான் அவர் சிரித்துப் பார்த்தேன்.

ஜீப்பில் பெண்கள் பெட்டியைக் கை மாற்றிக் கை மாற்றிப் பார்த்தார்கள். ஈரல் கேட்ட அம்மா அதை மடியிலேயே வைத்துக்கொண்டு மெட்டு இறங்கினார். "இனிமே இத அறுத்தா அந்தப் பாவம் எங்களுக்குத்தேன்" என்றார்.

தை பிறந்து என் மனைவி திரும்பி வந்தாள். பையைக் கீழே வைக்கும் முன்பே, சமையலறை வாசலில் ஒரு பக்கம் சாய்ந்தபடி நடந்துபோன செவலையைப் பார்த்துவிட்டாள். நான் டீ போடப் போனேன். அவள் கோழியைப் பிடித்துக் காலைத் தடவினாள், கழுத்தில் புதிதாக முளைத்திருந்த இறகைத் தடவினாள்.

"அறுக்கச் சொன்னேன்ல?"

"நீதான் அறுக்கச் சொன்ன. எனக்குத்தேன் மனசு வரல."

"எனக்கு மட்டும் வந்துச்சாக்கும்?" அவள் குரல் மாறியது. "நீங்க ஒரு வேள சோறு பொங்கித் திங்கிறதே பெருசு. அதுல இதையும் எப்படிப் பாப்பீங்க? பட்டினி கெடந்து சாகுறதுக்கு ஒரேயடியாப் போகட்டும்னுதான் சொன்னேன். அன்னிக்கு நான் சாப்புடவே இல்ல. மககிட்டக்கூடச் சொல்லல."

நான் டீத்தூள் டப்பாவை எடுத்தேன். இத்தனை காலம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறோம். போனில் அவள் பேசாமல் இருந்த அந்தக் கொஞ்ச நேரத்தில் என்ன இருந்தது என்று அன்று எனக்குத் தெரியவில்லை. கோழி ஒன்றைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்வேன் என்று அவளும் எதிர்பார்க்கவில்லை. இரண்டில் எது அதிகம் வலித்தது என்று சொல்லத் தெரியவில்லை. அவள் வந்து என் கையிலிருந்த டீத்தூள் டப்பாவை வாங்கிக்கொண்டாள்.

செவலை இப்போது முட்டை போடுவதில்லை. ஒரு காலில் முழு பலம் திரும்பவும் இல்லை. மற்றவற்றோடு சேர்த்து அடைப்பதில்லை, தனியாக ஒரு பஞ்சாரக் கூடைக்குள் கவிழ்த்து வைக்கிறோம். காலையில் நான்தான் தூக்கிவிடுவேன். கொஞ்ச நேரம் அப்படியே நிற்கும். ஒரு காலை எடுத்து வைக்கும், நின்று பார்க்கும், பிறகு அடுத்ததை எடுத்து வைக்கும். வாசல் தாண்டி வெயிலுக்குப் போய்ச் சேரும்வரை நான் வண்டியைக் கிளப்புவதில்லை.