உடைந்த நாற்காலியும் என் புகார் மனுவும்

தெருவில் கிடந்த அந்த உடைந்த நாற்காலியை ஒன்றரை மாதமாகத் தினமும் தாண்டிப் போயிருக்கிறேன். அது ஏன் அங்கே கிடக்கிறது என்று ஒரு நாள்கூட யாரிடமும் ஏன் கேட்கவில்லை?

கணவருக்கு மாற்றல் வந்ததால் சங்கரன்கோவிலுக்குக் குடிவந்தோம். நான் வளர்ந்தது பாளையங்கோட்டையில், ஒரே நிறத்தில் வரிசையாக நிற்கும் அரசுக் குடியிருப்பில். இங்கே பகல் முழுக்க விசைத்தறிச் சத்தம். தெரு முக்கில் டீக்கடை. ஷிப்ட் முடிந்த தறிக்காரர்கள் ஏழெட்டுப் பேர், தலையெல்லாம் பஞ்சுத் தூசியோடு, அங்கே உட்கார்ந்து உரக்கப் பேசுவார்கள். ஐந்து வயது மகளின் கையை இறுக்கிப் பிடித்து, தலைகுனிந்து கடந்துவிடுவேன். கை வலிக்கிறது என்பாள்.

புகார் மனு ஒன்று எழுதினேன். முக்கில் கும்பல், தறிச் சத்தம், தெருவில் நாற்காலியும் சாக்கும். மூன்று முறை திருத்தியும் கொடுக்கத் துணிவில்லை. முதலில் நம் பங்குக்கு ஏதாவது செய்வோம் என்று, ஒரு சனிக்கிழமை காலை அந்த நாற்காலியை நானே இழுத்துக்கொண்டு குப்பைத்தொட்டிப் பக்கம் போனேன். அடியில் கிடந்த சாக்கும் கூடவே வந்தது.

"யக்கா! அத எடுக்காதீய!"

தறிக்காரர் ஒருவர் கத்திக்கொண்டு ஓடிவந்தார். என்னை அடிக்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அவரோ என்னைத் தாண்டிப் போய், பின்னால் ஓடிவந்துகொண்டிருந்த என் மகளை அப்படியே தூக்கிக்கொண்டார். அவள் காலுக்கு ஓரடி முன்னால், அதுவரை சாக்கு மறைத்திருந்த, மூடி உடைந்த சாக்கடை திறந்து கிடந்தது.

"பிள்ளைக விழுந்துரக் கூடாதுன்னு நாங்கதாம்க்கா வச்சோம். ரெண்டு நாற்காலி களவு போயிட்டு, இது மூணாவது."

"இன்னைக்குக் களவாணியப் பிடிச்சாச்சுல்லா!" என்றார் டீக்கடைக்காரர். எல்லோரும் சிரித்தார்கள். மகளை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நானும் சிரித்துவிட்டேன்.

எதிர்வீட்டு அக்காவிடம் மனுவைக் காட்டினேன். படித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"எம்மா, இவனுவ முக்குல இல்லன்னாதான நாம பயப்படணும்? நீங்க பட்டப்பகல்ல கதவப் பூட்டிக்கிட்டு இருக்கீய. உங்க வீட்டுல என்ன பிரச்சினையோன்னு தெருவே பேசிக்கிட்டு கெடக்கு."

மூன்று புகாரையும் அடித்துவிட்டு, சாக்கடை மூடியைப் பற்றி மட்டும் புதிதாக எழுதினேன். அதுவரை வாயால் சொன்னவர்கள்தான் உண்டு. எழுதிக் கொடுத்தவர் யாருமில்லை. தறிக்காரர்கள் விவரம் சொன்னார்கள். தெருவே கையெழுத்துப் போட்டது. நான்கு பேர் ஷிப்ட் முடிந்த கையோடு என்னுடன் நகராட்சி அலுவலகத்துக்கு வந்தார்கள். அதிகாரியிடம் நான்தான் பேசினேன். என் குரல் நடுங்கவே இல்லை!

பத்தாம் நாள் புது கான்கிரீட் மூடி வந்து இறங்கியது. முதலில் ஏறிக் குதித்தவள் என் மகள். டீக்கடையிலிருந்து விசில் பறந்தது. தேரை நிலைக்குக் கொண்டுவந்து சேர்த்தவர்களைப் போல நாங்கள் எல்லோரும் சுற்றி நின்றோம். அன்று டீக்கடைக்காரர் எல்லோருக்கும் கொடுத்த டீயின் இனிப்பு இன்னும் நாக்கில் இருக்கிறது.

இப்போது மகள், முக்குக் கடைக்குத் தனியாகப் போய் பிஸ்கட் வாங்கி வருவேன் என்று அடம்பிடிக்கிறாள். அனுப்பு என்கிறார் கணவர். தெருவில் அத்தனை கண்கள் அவளைப் பார்த்துக்கொள்ளும் என்று தெரியும். ஆனாலும் என் வாய் "நாளைக்கு" என்றே சொல்கிறது. நீங்கள் உங்கள் பிள்ளையை எந்த வயதில் தனியாக அனுப்பினீர்கள்? அன்று வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தீர்களா, உள்ளே போய்விட்டீர்களா? தயவுசெய்து எனக்கு எழுதுங்கள்.