தராசில் ஏறிய பிள்ளையார்

மலேசியாவின் சுங்கை வே ஊரில் என் கடைக்குப் பின்னால் ஒரு கொட்டகை. அங்கே என் நண்பர் ஒருவர் உலகத்திலேயே மிகச் சிறிய, எடை குறைந்த ஜெட் விமானத்தைச் சொந்தமாகக் கட்டிக்கொண்டிருந்தார். ஆறடி மனிதர், உள்ளே உட்கார்ந்தால் முழங்கால் முகவாயைத் தொடும். திருகாணியைக்கூடச் சமையல் தராசில் எடை போட்டுத்தான் பொருத்துவார்.

முதன்முதலாக என்ஜினை முடுக்கும் நாளில் அவர் மனைவி ஒரு பித்தளைப் பிள்ளையாரோடு வந்தார்.

"இது வெயிட்டு லா," என்றார் அவர்.

"சாமி இல்லாம ஏற விடமாட்டேன்," என்றார் மனைவி.

அவர் பிள்ளையாரைத் தராசில் வைத்தார். பிறகு தன் இருக்கையின் மெத்தையைக் கழற்றி அதையும் எடை போட்டார். இரண்டும் ஒரே எடை.

"இப்போ சரியாப் போச்சு, அண்ணே," என்று என்னிடம் சொல்லிவிட்டு, பிள்ளையாரோடு வெறும் தகட்டில் உட்கார்ந்தார்.

என்ஜின் அலறியது. அவர் உடம்பு முழுக்க அதிர்ந்தது. சிரிப்பு மட்டும் அப்படியே இருந்தது.

என் காரின் மெத்தை இருக்கை இப்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது.