அங்கே ஆறு பை, இங்கே ரெண்டு

கார் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் உட்கார்ந்தவளுக்கு ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டாலே, 'நாம் கொடுத்த சாமானாக இருக்குமோ' என்றுதான் முதலில் தோன்றும். எதையாவது விற்றுப் பிழைக்கிற உங்களுக்கும் இந்தப் பயம் புதிதில்லை. எட்டாவதோடு படிப்பை நிறுத்திய எனக்குத் தெரிந்த பூகோளமெல்லாம் எந்த ஊர் காரில் என்ன இருக்கிறது என்பதுதான்.

பின்கண்ணாடி வைப்பர்

ஒருவர் போனில் ஒரு படத்தைக் காட்டி, அதே மாதிரி மாட்டித் தரச் சொன்னார். மலேசியாவில் அவர் தம்பி வைத்திருக்கும் கார். இவர் வைத்திருக்கும் அதே மாடல்தான், ஆனால் பின்கண்ணாடியிலும் வைப்பர் இருக்கிறது. இங்கே விற்கிற வண்டியில் அதற்கு மோட்டாரும் இல்லை, ஒயரும் இல்லை என்றேன்.

"ஏக்கா, அந்த ஊர்ல மட்டும் மழை பின்பக்கமாப் பெய்யுதா?"

ஆறு பை

அகரத்தில் பூ விவசாயம் செய்கிறவரும் அவர் மனைவியும் வந்தார்கள். அவர்கள் வைத்திருக்கும் அதே காருக்கு வெளிநாட்டில் ஆறு ஏர்பேக், இங்கே முன்சீட்டுக்கு மட்டும் இரண்டு. மீதி நாலை வாங்கி மாட்ட முடியுமா என்று கேட்டார்கள். அது சீட் கவர் மாதிரி மாட்டுகிற சாமான் இல்லை, கம்பெனியிலேயே வைத்துக் கட்டினால்தான் உண்டு என்று சொல்வதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. அந்த அம்மா மடியில் இருந்த பிள்ளையைப் பார்த்தார்.

"அப்ப பின்னாடி உக்கார்றவுகளுக்குப் பழனி முருகன்தான் பையி."

துபாய் லைட்டு

தைப்பூச நடைக்கூட்டம் பழனி ரோட்டை நிறைத்திருந்த நாள். என் வீட்டுக்காரரும் மாலை போட்டுக் காலையில்தான் நடக்கக் கிளம்பியிருந்தார். சாயங்காலம் ஒருவர், மச்சான் துபாயிலிருந்து கொண்டுவந்த ஹெட்லைட் ஜோடியை மாட்டச் சொன்னார். மெக்கானிக் பாண்டி மாட்டிவிட்டு வெளிச்சத்தைச் சுவரில் அடித்துக் காட்டினான். நம் ஊர் வண்டியில் டிம் போட்டால் வெளிச்சம் இடது ஓரத்தில் கொஞ்சம் ஏறி அடிக்கும். இது வலது பக்கம் ஏறியது. அங்கே வலது பக்கம் ஓட்டுகிறார்கள், அவர்களுக்குச் சரி. இங்கே எதிரே வருகிறவன் கண் கூசும், இடது ஓரம் இருட்டாகிவிடும். அந்த ஓரத்தில்தான் ஊரே நடந்து போகிறது.

கழற்றிப் பழையதையே மாட்டச் சொன்னேன். அவர் முகம் சிவந்துவிட்டது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு எதிர்க்கடைக்குப் போனார். செத்த நேரத்தில் அதே லைட்டோடு வண்டி பழனிப் பக்கம் திரும்பியது. கும்பிடாத குறையாகக் கையை நீட்டி மறித்தேன்.

"எனக்கு ரோடு நல்லாத் தெரியுதுக்கா, நீங்க உள்ள போயி யாவாரத்தப் பாருங்க."

போன்

உடனே வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். மூன்றாவது தடவைதான் எடுத்தார். பழனி ரோட்டில் ரெட்டியார்சத்திரம் தாண்டிவிட்டாராம். அந்த வண்டி, அந்த லைட்டு, எந்த ஓரம் இருட்டு, எதிரே வருகிறவனுக்கு எப்படிக் கண் கூசும் என்று மூச்சு விடாமல் சொன்னேன். ரோட்டை விட்டு இறங்கி நில்லுங்கள் என்றேன். பின்னால் காவடிச் சத்தம் கேட்டது.

"இடது ஓரம் போனா பின்னாடி வர்றவனுக்குத் தெரியாது, வலது ஓரம் போனா எதுக்க வர்றவனுக்குத் தெரியாதுங்கிற, அப்ப நான் மயில் மேலதான் போகணும்."

நாட்டுக்கு நாடு ஒரே காரை மாற்றி மாற்றிச் செய்கிறவர்கள் நிம்மதியாகத் தூங்குகிறார்கள், அவர் பழனி போய்ச் சேர்ந்தேன் என்று சொல்லும்வரை கண்ணை மூடாதவள் சாமான் விற்கிற நான்தான்.